வைக்கோல் தொப்பியும் கெண்டி ஆவியும்

வெயில் காலத்தில் நம் பல்கலைக்கழகத்தில் தொப்பி அணிவோர் மூன்று வகையினர். ஆடுகளத்தில் நிற்கும் கிரிக்கெட் வீரர்கள் முதல் வகை. அழகுக்காக அணிவோர் இரண்டாம் வகை. அணிந்தே தீர வேண்டியவர்கள் மூன்றாம் வகை. வயலில் பயிரை அளக்கும் வேளாண் மாணவர், பாறையைத் தட்டிப் பார்க்கும் நிலவியல் மாணவர், குழியில் இறங்கி மண்ணைச் சுரண்டும் தொல்லியல் மாணவர் ஆகியோர் இவ்வகையில் அடங்குவர். இந்தக் கட்டுரை மூன்றாம் வகையினரை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. மற்ற இரு வகையினரும் படிக்கலாம், தடையில்லை.

தென்னாட்டிலிருந்து வந்த நமக்கு வெயில் புதிதன்று. ஆயினும் ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வீசும் 'லூ' என்னும் அனல் காற்று நாம் அறிந்த வெயிலைச் சேர்ந்ததன்று. நம் கடற்கரை ஊர்களில் வியர்த்துக் கொட்டும். உடல் நீரை இழக்கிறது என்பது சட்டை நனைவதிலேயே தெரியும். இங்கே வியர்வை தோலில் திரளுமுன் காய்ந்துவிடுகிறது. நிழலிலேயே 44, 45 டிகிரி செல்சியஸ் காட்டும் நாட்களில் திறந்த வெளியில் நான்கு மணி நேரம் நிற்பவனுக்குத் தலைக்கு மேல் ஒரு நிழல் வேண்டும். குடை பிடிக்கலாமே என்று அறையில் இருப்பவர்கள் யோசனை சொல்வார்கள். ஒரு கையில் அளவு நாடாவும் மறு கையில் குறிப்பேடும் வைத்திருப்பவன் குடையை எந்தக் கையால் பிடிப்பான்? ஈரத் துண்டைத் தலையில் கட்டுவது நல்ல வழக்கம்தான், நானும் கட்டியிருக்கிறேன். ஆனால் அது கண்ணுக்கும் மூக்குக்கும் பிடரிக்கும் நிழல் தருவதில்லை. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து நிழல் தருவதும், காற்று உள்ளே புகுந்து வெளியேற இடம் கொடுப்பதும், மாணவன் பணப்பைக்கு எட்டுவதும் அகன்ற விளிம்புள்ள வைக்கோல் தொப்பி ஒன்றே.

அதற்கு ஒரு குறை உண்டு. நசுங்கும். இரண்டு நாள் இரயில் பயணத்தில் மேல் பலகையில் வைத்த தொப்பியின்மீது யாரோ ஒருவர் தம் படுக்கைச் சுருளை வைத்துவிடுவார். விடுமுறை முடிந்து விடுதி திறக்கும் ஒவ்வொரு முறையும் குப்பைத் தொட்டியருகில் நசுங்கிய தொப்பிகள் இரண்டு மூன்றையாவது பார்க்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை குப்பைக்குப் போக வேண்டியவை அல்ல. ஒரு கெண்டித் தண்ணீரும் ஓர் இரவுப் பொறுமையும் இருந்தால் மீண்டும் தலைக்கு வரக்கூடியவை.

எப்படி என்பதைச் சொல்வதற்கு முன் ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏன் என்பது தெரிந்துவிட்டால் செய்முறையில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

கோதுமைத் தாளானாலும் பனை நாரானாலும், அதன் சுவர் முக்கியமாக மூன்று பொருள்களால் ஆனது. செல்லுலோஸ் என்பது நீண்ட இழை. வலிமை தருவது அதுவே. இழைகளுக்கிடையே ஹெமிசெல்லுலோஸ் பரவியிருக்கிறது. லிக்னின் இவை யாவற்றையும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. கட்டடத்தோடு ஒப்பிட்டால் செல்லுலோஸை இரும்புக் கம்பி என்றும் லிக்னினைக் காரை என்றும் கொள்ளலாம். உலர்ந்த நிலையில் இந்த மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த நிலையில் வளைத்தால் தாள் ஒடியும். நீர் உள்ளே புகுந்ததும் நீரின் மூலக்கூறுகள் அந்தப் பிணைப்புகளுக்கு நடுவே நுழைந்து பிடியைத் தளர்த்துகின்றன. கூடவே சூடும் சேர்ந்தால் லிக்னினும் இளகுகிறது. ஈரம் இருக்கும்போது நூறு டிகிரிக்குள்ளாகவே இளகிவிடும் லிக்னின், உலர்ந்திருக்கும்போது அதைவிட மிகுந்த சூடு கண்டால்தான் இளகும். அதற்குள் தாள் கருகத் தொடங்கிவிடும். ஈரமும் சூடும் ஒருங்கே வேண்டும் என்பதும், இரண்டும் ஒன்றாய்க் கிடைக்கும் இடம் கொதிக்கும் கெண்டியின் மூக்கு என்பதும் இதனால் விளங்கும்.

இளகிய தாளை விரும்பிய வடிவில் வைத்து உலரவிட்டால், விலகிய பிணைப்புகள் புதிய இடத்தில் மீண்டும் பற்றிக்கொள்கின்றன. எந்த வடிவில் உலர்கிறதோ அந்த வடிவில் நிற்கும். தொப்பியைத் திருத்தும் கலை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். ஆவி காட்டுவது ஆயத்தம் மட்டுமே; வடிவம் தருவது உலர்தல். பலர் ஆவி காட்டிய கையோடு தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். தொப்பி அப்போது காற்று அடித்த பக்கமாக உலர்ந்து, முன்னிருந்ததைவிட மோசமான கோணலோடு திரும்பி வருகிறது.

இந்த உண்மை புதிதொன்றுமில்லை. சலவைத் தொழிலாளி சட்டையின்மேல் நீர் தெளித்துவிட்டு இஸ்திரி போடுவது இதே காரணத்தால்தான். வியன்னாவில் மைக்கேல் தோனெட்டின் தொழிலகம் 1859இல் வெளியிட்டுப் புகழ்பெற்ற 14ஆம் எண் நாற்காலியில் பீச் மரக் கழிகள் ஆவியில் வளைக்கப்பட்டு, இரும்பு அச்சுகளில் பிணித்து உலர்த்தப்பட்டன. அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் ஊர்ப் பக்கம் பனையோலைப் பெட்டி முடையும் பெண்கள் ஓலையை நனைத்துப் பதப்படுத்தாமல் ஒரு மடிப்பும் மடிக்க மாட்டார்கள். அவர்களிடம் லிக்னின் என்ற சொல்லைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அதைக் கையாளும் முறை அவர்கள் விரல்களுக்குத் தெரியும்.

இனித் தொப்பிக்கு வருவோம். அதன் உறுப்புகளுக்கு நம் மொழியில் நிலைத்த பெயர்கள் இல்லையாதலால், இந்தக் கட்டுரைக்கு மட்டும் சில பெயர்கள் வைத்துக்கொள்கிறேன். தலையை மூடும் பகுதி தலைக்கூடு. வீட்டுக்குத் தாழ்வாரம் போல் சுற்றிலும் நீண்டிருப்பது விளிம்பு. இரண்டும் சேரும் இடம் அடிவட்டம். உள்ளே நெற்றியில் படும் துணியோ தோலோ வியர்வைப் பட்டை.

முதல் வேலை, உங்கள் தொப்பி எதனால் ஆனது என்று அறிவது. இதை மிக முக்கியமாகச் சொல்கிறேன். ஏனெனில் வைக்கோல் தொப்பி என்று விற்கப்படுவன எல்லாம் வைக்கோலால் ஆனவை அல்ல. கடைத்தெருவில் கிடைப்பவற்றில் பல, முறுக்கிய காகிதத்தால் ஆனவை. இன்னும் பல பிளாஸ்டிக் இழையால் ஆனவை. உள்பக்கத்தில் தெரியும் ஓர் இழை முனையை நீர் தொட்டு விரல்களால் உருட்டிப் பாருங்கள். முறுக்கு அவிழ்ந்து தட்டையான நாடாவாக விரிந்து நைந்துபோனால் அது காகிதம். நீரை ஏற்காமல் முத்து முத்தாக உதிர்த்துவிட்டால் பெரும்பாலும் பிளாஸ்டிக். மெல்ல நீரை உறிஞ்சி, நையாமல் இளகினால் அது தாளோ நாரோ. காகிதத் தொப்பிக்குத் தூரத்து ஆவி சற்றே காட்டலாம், நனைத்தால் கூழாகிவிடும். பிளாஸ்டிக்குக்கு மேலே சொன்ன விஞ்ஞானம் எதுவும் பொருந்தாது. அது நீரால் இளகுவதில்லை, சூட்டால் மட்டுமே இளகும். இத்தகைய தொப்பிகளுக்குப் பெரிதும் பயன்படும் பாலிபுரொப்பிலீன் சுமார் 160 டிகிரியில் உருகிவிடும். பருத்தித் துணிக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்தால் தொப்பியும் போகும், பெட்டியும் போகும்.

தாத்தா காலத்துப் பெட்டியிலிருந்து யாராவது சோலா தொப்பி ஒன்றைக் கொண்டுவந்தால் அதையும் இந்தச் செய்முறைக்கு உட்படுத்த வேண்டாம். அது வைக்கோல் அன்று, நெட்டி. சதுப்பு நிலத்தில் வளரும் செடியின் வெண்ணிறத் தக்கையை ஏடு ஏடாக ஒட்டி மேலே துணி போர்த்தியது. ஆவி பட்டால் ஏடுகள் பிரிந்துவிடும். துரைமார்கள் அணிந்த தொப்பி அது. தொப்பி என்றாலே துரைத்தனம் என்று எண்ணி முகம் சுளிக்கும் நண்பர்கள் நம் சங்கத்தில் சிலர் இருக்கிறார்கள். சோலா தொப்பியைப் பற்றி அவர்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் வைக்கோல் தொப்பி உலகெங்கும் வயலில் குனிந்தவர்களின் தொப்பி. அறுவடை செய்தவன், அறுத்த தாளிலேயே செய்துகொண்டது. அசாமில் மூங்கிலும் ஓலையும் கொண்டு முடையப்படும் 'ஜாப்பி' அந்த இனத்தைச் சேர்ந்ததுதானே?

உண்மையான தாள் தொப்பிகளிலும் இரு பெரும் பிரிவுகள் உண்டு. பிற்பாடு கத்திரி வைக்கும்போது இந்த வேறுபாடு தேவைப்படும். ஒன்று, தொப்பி முழுவதையும் ஒரே பரப்பாக நெய்வது. ஈக்வடார் நாட்டின் புகழ்பெற்ற தொப்பி இவ்வகை. பார்வைக்குப் பனை போன்றிருந்தாலும் பனைக் குடும்பத்தில் சேராத டோக்கில்லா என்னும் செடியின் இளங்குருத்தைக் கிழித்து, வேகவைத்து, உலர்த்தி, அந்த நாரால் நெய்கிறார்கள். பனாமா வழியாக உலகச் சந்தைக்குப் போனதால் பனாமா தொப்பி என்ற தவறான பெயர் பெற்றது. 1906இல் அமெரிக்க ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட் பனாமாக் கால்வாய் வேலையைப் பார்வையிடச் சென்றபோது இதை அணிந்திருந்தார். பெயர் இன்னும் உறுதிப்பட்டுவிட்டது. அந்த நெசவுக் கலையை யுனெஸ்கோ 2012இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஈக்வடாரின் பெயரால் சேர்த்தது. பெயரைப் பறிகொடுத்த ஊருக்கு அது ஓரளவு ஈடு.

மற்றொன்று, தாள்களை முதலில் நீண்ட சடையாகப் பின்னி, அந்தச் சடையைத் தலைக்கூட்டின் உச்சியில் தொடங்கிச் சுருள் சுருளாகத் தைத்துக்கொண்டே வருவது. கூர்ந்து பார்த்தால் வட்டம் வட்டமாகத் தையல் தெரியும். இங்கிலாந்தின் லூட்டன் நகரம் இந்தத் தொழிலால் வளர்ந்தது. அவ்வூர்க் கால்பந்துக் குழுவுக்கு இன்றும் 'தொப்பிக்காரர்கள்' என்றே பட்டப்பெயர். இத்தாலியில் டஸ்கனிப் பகுதியில் தொப்பிக்கென்றே கோதுமையை நெருக்கமாக விதைத்து, மணி முற்றுமுன் அறுத்து, மெல்லிய தாளாக எடுத்தார்கள். உணவுக்கன்றி உடைக்காகக் கோதுமை பயிரிட்ட விந்தை அது.

சடை பின்னும் தொழில் எவ்வளவு எளிதாக ஒரு வீட்டுக் கூடத்தில் நுழையக்கூடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடென்ஸ் நகரில் பெட்சி மெட்காஃப் என்னும் சிறுமி 1798இல், தம் 12ஆம் வயதில், கடையில் வைத்திருந்த விலையுயர்ந்த தொப்பியைக் கண்டு, வாங்க வழியின்றி, ஓட்ஸ் பயிரின் தாளைப் பிளந்து தாமே பின்னத் தொடங்கினார். கற்றதை மற்றப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அந்த வட்டாரத்தில் அது பெரும் குடிசைத் தொழிலாயிற்று. அவர் காப்புரிமை கோரவில்லை. 1809இல் கனெக்டிகட் மாநிலத்தின் மேரி கீஸ் என்பவர், வைக்கோலைப் பட்டு இழையுடன் சேர்த்து நெய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

சரி, கெண்டியை அடுப்பில் ஏற்றுவோம். அதற்கு முன் ரிப்பனையும் வியர்வைப் பட்டையையும் தையல் பிரித்துக் கழற்றிவிடுங்கள். மென்மையான தூரிகையால் தூசியை ஓட்டுங்கள். ஈரம் பட்டபின் தூசி சேறாகிவிடும். அழுக்குக் கறை இருந்தால் சோப்பு நீரில் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்கலாம். சலவைத் தூளால் வெளுக்க முயல வேண்டாம். குளோரின் தாளை மஞ்சளாக்கி நொறுங்கச் செய்துவிடும்.

அடுத்து, தொப்பியை உலர்த்துவதற்கு ஓர் அச்சு வேண்டும். தொழிற்கூடங்களில் மரக்கட்டை வைத்திருப்பார்கள். நமக்கு விடுதிச் சமையலறைப் பாத்திரம் போதும். ஒரு நூலைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுகளையும் தொடாமல், தலையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். 57 செ.மீ. வந்தால், அதைப் பையால் வகுக்க, குறுக்களவு சுமார் 18 செ.மீ. அந்த அளவுக்குச் சற்றுக் குறைந்த பாத்திரம் ஒன்றைத் தேடுங்கள். சற்றுக் குறைந்தது என்று சொல்லக் காரணம், தலை வட்டமன்று, நீள்வட்டம். பாத்திரத்தின் முன்புறமும் பின்புறமும் துவாலையை மடித்து வைத்துச் சுற்றி, நீளத்தைக் கூட்டி, சுற்றளவு நூலோடு ஒத்துவரும்வரை சரிசெய்ய வேண்டும். இந்த நீள்வட்டத்தைப் புறக்கணித்து வெறும் வட்டப் பாத்திரத்தில் உலர்த்திய தொப்பி நெற்றியில் இறுக்கி, காதுப் பக்கம் காற்று வாங்கும்.

வறண்ட காலத்தில் தொப்பி மிகவும் காய்ந்திருக்கும். ஈரத் துவாலையில் அரை மணி நேரம் பொதிந்து வைத்தபின் ஆவி காட்டுவது நல்லது. கெண்டியின் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நசுங்கிய இடத்தை ஆவியில் மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள். தொப்பியை இரு பக்கமும் காட்ட வேண்டும். கோதுமைத் தாளின் வெளிப்புறம் வழவழப்பானது. அதன் மெழுகும் சிலிக்காவும் நீரை எளிதில் உள்ளே விடுவதில்லை. ஆகவே உள்பக்க ஆவிதான் அதிகப் பயன் தரும். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், காதால் கேளுங்கள். விரலால் மெல்ல அழுத்தும்போது 'மொறுக்' என்றால் இன்னும் பதமாகவில்லை. சத்தமில்லாமல் வளைந்தால் பதம் வந்துவிட்டது.

கை பற்றி ஓர் எச்சரிக்கை. கொதிநீரைவிட ஆவி கொடியது. ஒரு கிராம் ஆவி நீராக மாறும்போது மட்டும் சுமார் 540 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. அவ்வளவும் தோலில் இறங்கும். பௌதிகப் பரீட்சையில் உள்ளுறை வெப்பத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய நண்பர்களே வெறுங்கையைக் கெண்டி மூக்கருகில் நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தடித்த துணியைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் ஆவி காட்ட, மற்றவர் பாத்திரத்தோடு ஆயத்தமாக நிற்பது இன்னும் சிலாக்கியம்.

பதம் வந்ததும், உள்ளேயிருந்து கரண்டியின் பின்புறத்தாலோ கட்டை விரலாலோ பள்ளத்தை வெளியே தள்ளுங்கள். ஓரங்களிலிருந்து நடுவுக்கு வர வேண்டும்; நேரே நடுவில் குத்தினால் தாள் விரியும். உடனே அச்சின்மேல் இறுக்கமாகக் கவிழ்த்து, அடிவட்டத்தில் ஒரு நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். இந்தக் கட்டுத்தான் தலைக்கூட்டையும் விளிம்பையும் பிரித்துக் காட்டும் கோடு. இது தளர்ந்தால் தொப்பி தவலை மூடி போல ஆகிவிடும். பிறகு விளிம்பின்மேல் ஈரமான பருத்தித் துணியை விரித்து, நடுத்தரச் சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் சடை பக்கவாட்டில் இழுபட்டு விளிம்பு அலையடிக்கும். ஓரம் சற்று மேல்நோக்கி வளைய வேண்டுமானால், செய்தித்தாளை உருட்டி அடியில் கொடுங்கள். துணிக் கவ்விகளால் பிடித்து வைப்பதானால் இடையில் துணித் துண்டு வையுங்கள். இல்லையேல் கவ்வியின் பல் பதிந்த தடமும் அப்படியே உலர்ந்து நிலைத்துவிடும்.

இனி 24 மணி நேரம் அதைத் தொடக் கூடாது. மழைக்காலமானால் இரண்டு நாள். மின்விசிறிக் காற்று போதும். நேர் வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து இழுக்கும்.

சென்ற ஆண்டு தொல்லியல் துறை நண்பர் ஒருவர் அகழாய்வு முகாமுக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, தட்டுப்போல் நசுங்கிய தொப்பியோடு என் அறைக்கு வந்தார். "அண்ணா, இது தேறுமா?" என்றார். தலைக்கூட்டின் முன்பக்கம் இரண்டு இடங்களில் தாள் முறிந்தே இருந்தது. ஒடிந்த தாளை ஆவி ஒட்டவைக்காது. வடிவத்தை மீட்டபின், உள்பக்கத்தில் மெல்லிய மஸ்லின் துண்டை வெள்ளைப் பசையால் ஒட்டி, ஒரு முறிவை அப்படி மறைத்தோம். மற்றொரு முறிவு அடிவட்டத்துக்கு அருகில் இருந்ததால் அகன்ற ரிப்பனின் அடியில் போயிற்று. முகாம் முடிந்து மூன்று வாரத்துக்குப் பின் அவர் திரும்பியபோது மூக்கு நுனி மட்டும் கறுத்திருந்தது. தொப்பி நின்றது.

வடிவம் மீண்டபின் தொப்பி துவண்டிருந்தால் விறைப்பூட்ட வேண்டும். தொப்பித் தொழிலில் இதற்கு ஜெலட்டின் பயன்படுத்துவார்கள். ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு தேக்கரண்டி கரைத்து, உள்பக்கத்தில் மட்டும் தூரிகையால் மெல்லிசாகப் பூசி, மீண்டும் அச்சில் உலர்த்தலாம். ஜெலட்டின் விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. வேண்டாமென்பவர்கள் நம் வீடுகளில் சேலைக்குப் போடும் ஜவ்வரிசிக் கஞ்சியையே நீர்க்கக் காய்ச்சி வடிகட்டிப் பூசலாம். கோடையில் நன்றாகவே இருக்கும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், கரப்பான் பூச்சிக்கு விருந்தாகும் என்பதையும் தெரிந்துகொண்டு பூசுங்கள்.

சற்று இறுக்கமான தொப்பியை ஈரமாக இருக்கும்போது அச்சில் துவாலையைக் கூட்டி ஒரு சென்டிமீட்டர் வரை பெரிதாக்கலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் தையல் விடும். தளர்வான தொப்பியைச் சுருக்க முயல வேண்டாம். வியர்வைப் பட்டைக்குப் பின்னால் ஒரு துணிப் பட்டையை மடித்து வைத்தால் போதும்.

விளிம்பைக் குறைப்பது பற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் கேட்பவர்கள் பலர். சடைத் தொப்பியானால் சுருள் முடியும் இடத்தைத் தேடி, அங்கிருந்து ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ தையல் பிரித்து, சடையைச் சரிவாக வெட்டி, முனையை அடியில் மடித்துத் தைத்துவிடலாம். நெய்த தொப்பியானால் கத்திரி வைக்குமுன் வெட்டப்போகும் கோட்டுக்கு உட்புறமாக இரண்டு வரிசை இயந்திரத் தையல் போட வேண்டும். தையல் இல்லாமல் வெட்டினால் நெசவு முழுவதும் பிரிந்து வந்துவிடும். வெட்டிய ஓரத்தைக் குறுக்குவாட்டில் வெட்டிய துணிப் பட்டையால் பொதிந்து தைக்க வேண்டும். ஆனால் முகம், காது, பிடரி மூன்றுக்கும் நிழல் விழ ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர் விளிம்பு தேவை என்பது தோல் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. மேல்நாட்டுப் படங்களில் காணும் குறுகிய விளிம்புத் தொப்பியைப் பார்த்து உங்கள் தொப்பியைக் கத்தரித்தால், நீங்கள் வெட்டி எறிவது காதின் நிழலை. வயலுக்குப் போகிறவர்கள் ஓர் அங்குலமும் குறைக்க வேண்டாம். தொப்பியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சல்லடை போல் ஒளி கசிந்தால் அந்த நிழலும் அரைகுறையே. அப்படிப்பட்டவற்றுக்கு விளிம்பின் அடியில் அடர்ந்த பருத்தித் துணி கொடுத்துத் தைப்பது நல்லது.

அலங்காரத்துக்கு வந்துவிட்டோம். ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு ஜேன் ஆஸ்டினின் லிடியா நினைவுக்கு வருவாள். 1813இல் வெளியான நாவலில் அவள் பிடிக்காத தொப்பி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் போனதும் பிரித்துப்போட்டு நன்றாக்கிவிடப் போவதாகச் சொல்கிறாள். ஆசிரியை அவளை எள்ளுகிறார். இருந்தாலும் பிரித்துத் தைக்கத் தெரிந்த அவளிடம் எனக்குக் கொஞ்சம் மதிப்புண்டு. தலையில் எதை வைப்பது என்பது சிலவேளை கலவரத்திலும் முடியும். நியூயார்க் நகரில் செப்டம்பர் 15க்குப் பிறகு வைக்கோல் தொப்பி அணியக் கூடாது என்பது எழுதாத சட்டமாக இருந்தது. 1922இல் அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பே இளைஞர் கூட்டங்கள் தெருவில் போவோரின் தொப்பிகளைப் பிடுங்கி நொறுக்கத் தொடங்கி, பல நாட்கள் அடிதடி நடந்தது. நம் விடுதி அவ்வளவுக்குப் போகாது என்று நம்புகிறேன்.

ரிப்பன் வாங்கும்போது பளபளப்பான சாட்டின் வேண்டாம். குறுக்கே வரி வரியாக நெய்த பருத்தி ரிப்பனைக் கேளுங்கள். தலைக்கூடு மேலே குறுகிக் கீழே அகலும். அதன்மேல் நேரான ரிப்பனைச் சுற்றினால் மேலோரம் தூக்கிக்கொண்டு நிற்கும். குறுக்கு வரி ரிப்பனை நனைத்து, இஸ்திரிப் பெட்டியின் கீழே வில்லாக வளைத்து இழுத்தால், அது வளைந்தே உலரும். பிறகு தலைக்கூட்டோடு படிந்து உட்காரும். இங்கேயும் அதே நீர், அதே உலர்தல். நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் தம் தாயாரின் பழைய பருத்திச் சேலைக் கரையை வெட்டித் தொப்பிப் பட்டையாக்கினார். பார்த்தவர் எல்லாம் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். சேலைக் கரை நெருக்கமாக நெய்தது, வளையாது. அவர் அதன் மேலோரத்தில் மூன்று இடங்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு மடிப்புகள் பிடித்துச் சரிக்கட்டியிருந்தார். கரையை முதலில் உப்பு நீரில் ஊறவைத்துச் சாயம் போகிறதா என்றும் பார்த்துக்கொண்டார். இல்லையேல் முதல் வியர்வையிலேயே அரக்குச் சாயம் தொப்பியில் இறங்கியிருக்கும்.

அடிவட்டத்தின் அளவோடு நான்கு சென்டிமீட்டர் கூட்டி வெட்டினால் பட்டைக்குப் போதும். முடிச்சும் வேண்டுமானால் இன்னுமொரு 25 சென்டிமீட்டர். ஆண்கள் தொப்பியில் முடிச்சு இடப்பக்கம் வருவது வழக்கம். ஒட்ட வேண்டாம், தையுங்கள். பசை சூட்டில் இளகிக் கறையாகும். அடுத்த முறை ஆவி காட்டக் கழற்றவும் முடியாது. மழுங்கிய ஊசியைத் தாள்களுக்கு இடையே செலுத்துங்கள்; தாளைக் குத்தினால் பிளந்துவிடும். ஐந்தாறு இடங்களில் சிறு தையல் போதும்.

மழையில் நனைந்தால் தொப்பி தன் வடிவத்தை மறந்துவிடும். அப்போது பதறாமல் அதே அச்சில் கவிழ்த்து உலர்த்திவிடுங்கள். மேசையில் வைக்கும்போது விளிம்பு கீழாக வைக்காமல், மல்லாத்தி, தலைக்கூட்டின் உச்சி தரையில் படும்படி வையுங்கள். ஊருக்குப் போகும்போது தலைக்கூட்டுக்குள் உள்சட்டைகளைத் திணித்து, பெட்டியின் நடுவில் மல்லாத்தி, விளிம்பின் அடியிலும் மேலும் மென்துணிகளைப் பரப்பிவிட்டால் சென்னை வரை சேதமில்லாமல் போய்ச் சேரும். பெட்டியில் இடமில்லையென்றால் தலையிலேயே அணிந்து போங்கள். சக பயணிகள் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

56, 58 செ.மீ. அளவுகளில் இரண்டு மரக்கட்டை அச்சுகள் சங்க அறையின் அலமாரியில் வைக்கப்பட்டுள்ளன. தேர்வு முடியும் வரை சனிக்கிழமை மாலைகளில் நான் அங்கே இருப்பேன். தொப்பியும் ஒரு பழைய துவாலையும் கொண்டு வரவும், கெண்டி இருக்கிறது.